அம்மாவின் சுகர் எண்ணை யாரோ ஒருவர் போனில் படித்தார்: ஒரு ரத்தப் பரிசோதனை லேப் பற்றி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், லேபின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது, அது ஒரு முடிவுக்கு வரும்வரை பெயரைப் பொதுவில் போடாதீர்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். ஊரையும் சொல்லவில்லை. நாங்கள் இருப்பது கோத்தகிரிப் பக்கம். ரத்தம் கொடுக்க அங்கேயும் போயிருக்கிறோம், குன்னூருக்கும் ஊட்டிக்கும் போயிருக்கிறோம், அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரே இல்லாமல் எதற்கு விமர்சனம் என்றால், எங்களுக்கு நடந்தது ரிப்போர்ட்டை லிங்கில் அனுப்பும் எந்த லேபிலும் நடக்கலாம். நடந்த பிறகு எங்கே போய் நிற்பது என்று எங்களுக்கு ஒரு மாதம்வரை தெரியவே இல்லை, அந்த ஒரு மாதமாவது உங்களுக்கு மிச்சமாகட்டும்.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுவும் உண்மை. அம்மா அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயில் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். விரல் நுனியெல்லாம் கறை ஏறி, வெடிப்பு விழுந்து, தோல் காய்ப்புக் காய்த்துக் கிடக்கும். வீட்டில் வைத்திருக்கிற சுகர் மிஷினால் விரலில் குத்தினால் லேசில் ரத்தம் வராது. கையில் நரம்பும் அப்படித்தான், மார்கழிக் குளிரில் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. வேறு இடங்களில் மூன்று முறை, நான்கு முறை குத்தி, கை நீலம் பாரித்துத் திரும்பி வந்திருக்கிறோம். இந்த லேபில் ரத்தம் எடுக்கும் பொண்ணு அப்படிச் செய்ததே இல்லை. அம்மாவை உட்கார வைத்து, வெந்நீர் ஊற்றின பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கையில் கொடுப்பாள். பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருப்பாள், பேரப்பிள்ளை என்ன படிக்கிறான், தோட்டத்தில் அட்டை இன்னும் இருக்கிறதா என்று. அப்புறம் இரண்டு விரலால் முழங்கை மடிப்பைத் தடவிப் பார்த்து ஒரே குத்து. அம்மா கண்ணை மூடித் திறப்பதற்குள் பஞ்சு வைத்துவிடுவாள்.

விலையும் பலகையில் எழுதித்தான் இருக்கும், கூடக் குறைய வாங்கியதில்லை. பெரிய பரிசோதனைகள் மத்தியான வண்டியில் கோயம்புத்தூருக்கு இறங்கும், மறுநாள் சாயங்காலம் ரிசல்ட். மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து வண்டி நின்ற ஒருநாள் அவர்களே போன் செய்து, தாமதமாகும், காத்திருக்காதீர்கள் என்று சொன்னார்கள். பரிசோதனையின் தரத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, டாக்டரும் அந்த லேப் ரிப்போர்ட் என்றால் நம்பிப் பார்ப்பார்.

பிரச்சினை லிங்கில் ஆரம்பித்தது. முன்பெல்லாம் ரிப்போர்ட்டைத் தாளில் அடித்து, பழுப்புக் கவரில் போட்டுத் தருவார்கள். பிறகு அதை நிறுத்திவிட்டு போனுக்கு ஒரு எஸ்எம்எஸ், அதில் ஒரு லிங்க், தட்டினால் ரிப்போர்ட் திறக்கும். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன், அதில் லிங்க் திறக்காது. அக்கா பையன் பிளஸ் டூ படிக்கிறான், அவன் அந்த எழுத்தைப் பார்த்துப் பார்த்துத் தன் போனில் அடித்தான். லிங்கின் கடைசியில் இருந்தது எங்கள் பில் நம்பர், வேறொன்றும் இல்லை. பாஸ்வேர்ட் கேட்கவில்லை, ஓடிபி கேட்கவில்லை. அவன் கடைசி எண்ணை மாற்றி அடித்துவிட்டான், 7க்குப் பதில் 6. திறந்தது வேறொருவரின் ரிப்போர்ட். மேலே பெயர், வயது, போன் நம்பர், அனுப்பிய டாக்டரின் பெயர். பெயரைப் பார்த்ததுமே எனக்கு ஆள் தெரிந்துவிட்டது, அன்று காலையில் பெஞ்சில் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர். மூடு மூடு என்று சத்தம் போட்டேன், மூடிவிட்டான். கீழே இருந்த எதையும் நான் படிக்கவில்லை, ஆனால் என்ன பரிசோதனை என்ற தலைப்பு கண்ணில் பட்டுவிட்டது. அதை அவர் எனக்குச் சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் மாட்டார். இன்றைக்கும் கடைவீதியில் அவரைப் பார்த்தால் எனக்குத்தான் முகம் கொடுக்க முடியவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு உங்கள் லேபின் லிங்கில் எண்ணை மாற்றி மாற்றித் தட்டிப் பார்க்காதீர்கள். தெரியாமல் ஒருமுறை தவறாக அடித்தது வேறு, வேண்டுமென்றே அடுத்தவர் ரிப்போர்ட்டைத் திறந்து பார்ப்பது வேறு. இரண்டாவது தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி நம் மேலேயே வழக்காகத் திரும்பக்கூடியது. நான் செய்தது இவ்வளவுதான்: எங்கள் லிங்க் எப்படி இருந்தது, எந்தப் பாஸ்வேர்டும் கேட்கவில்லை என்பதை எங்கள் ரிப்போர்ட்டை வைத்தே படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அன்றே லேபுக்குப் போன் செய்து சொன்னேன். சரிங்க மேடம், பார்க்கச் சொல்கிறோம் என்றார்கள். அதோடு நானும் விட்டுவிட்டேன். அன்றே எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும்.

எட்டாம் நாள் அம்மாவின் போனுக்கு அழைப்பு வந்தது. நான் வேலைக்குப் போயிருந்தேன். பேசியவர் ஆண், நல்ல மரியாதையான பேச்சாம். “அம்மா, உங்களுக்கு மூணு மாச சுகர் 9.4 இருக்குல்ல? இப்படியே விட்டா கிட்னிக்குப் போயிடும்மா” என்று ஆரம்பித்திருக்கிறார். அந்த 9.4 ரிப்போர்ட்டில் அச்சாக இருந்த எண், புள்ளிகூட மாறவில்லை. எண்ணைச் சரியாகச் சொன்னதால் அம்மா அவரை லேப்காரர் என்றே நினைத்துவிட்டார். 3,800 ரூபாய்க்கு ஒரு பொடி, 90 நாள் சாப்பிட வேண்டும், அதுவரை இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும் என்றாராம். பணம் அனுப்ப அம்மாவுக்குத் தெரியாது, அதனால் பணம் தப்பியது. ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டார். நாலு நாள். நாலாம் நாள் இரவு நாக்கு வறண்டு தண்ணீர் தண்ணீர் என்று எழுந்தபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. காலையில் போய்ப் பார்த்தால் சுகர் 380.

டேட்டா திருட்டு என்றால் ஏதோ கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்று நானும் நினைத்திருந்தவள்தான். அது எங்கள் வீட்டில் அம்மாவின் மாத்திரை டப்பாவில் வந்து உட்கார்ந்தது.

மறுநாள் நேரிலேயே போனேன். கவுண்டரில் இருந்த தம்பி நல்ல பையன், “அக்கா, அது சாப்ட்வேர் கம்பெனிக்காரங்க பாத்துக்கறது, எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா” என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். மேனேஜர் வந்தார். வேறு யாருமே புகார் சொல்லவில்லை, உங்கள் ஒருவருக்குத்தான் இப்படி, உங்கள் போனிலிருந்தே போயிருக்கலாம் என்றார். பட்டன் போனிலிருந்து எப்படிப் போகும் என்று கேட்டேன், பதில் இல்லை. எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் சீல் போட்டு வாங்கி வந்தேன். அதற்கு 11 நாள் கழித்துத்தான் லிங்கை மூடினார்கள். மூடினார்கள் என்பது சரி. ஆனால் அதுவரை அந்த லிங்கில் ரிப்போர்ட் வந்த யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதுதான் எனக்கு ஆறாத விஷயம். நான் பிறகு விசாரித்தபோது எங்கள் லைன் வீடுகளிலேயே இன்னும் இரண்டு வீட்டுக்குப் பொடிக்காரர் போன் செய்திருக்கிறார், ஒருவர் பணமும் அனுப்பியிருக்கிறார். லேப் ஒரே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பியிருந்தால், ‘உங்கள் ரிப்போர்ட்டைச் சொல்லி யாராவது பேசினால் நம்பாதீர்கள்’ என்று, அது நின்றிருக்கும்.

சுகர் நம்பர்தானே, போனால் போகிறது என்று என்னிடமே இரண்டு பேர் சொன்னார்கள். சுகரோடு நிற்பதில்லை. அதே லேபில்தான் டிபிக்கு சளி கொடுக்கிறார்கள், கர்ப்பமா என்று பார்க்கிறார்கள், கல்யாணத்துக்கு முன்னால் எச்ஐவி பார்க்கிறார்கள், மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாதாமாதம் ரத்தம் கொடுக்கிறார்கள். சென்னை மாதிரி ஊரில் உங்கள் ரிப்போர்ட் வெளியே போனால் பார்க்கிறவனுக்கு நீங்கள் யாரோ. இங்கே அப்படியில்லை. ஒரே மினி பஸ்ஸில் போகிறோம், ஒரே ரேஷன் கடையில் நிற்கிறோம், பெயரைப் பார்த்தால் எந்த ஹட்டி, அதாவது எந்தப் படுகர் ஊர், எந்த எஸ்டேட் என்று சொல்லிவிடுவார்கள். மலையில் ஒருவருக்குத் தெரிந்தது சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் தெரியும்.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸின் சர்வர்களை முடக்கினார்கள், சுமார் இரண்டு வாரம் சீட்டிலிருந்து ரிசல்ட் வரைக்கும் கையால் எழுதினார்கள். அடுத்த மாதமே தமிழ்நாட்டு மருத்துவமனை ஒன்றின் சுமார் ஒன்றரை லட்சம் நோயாளிகளின் பழைய விவரங்கள் விற்பனைக்கு வந்ததாகச் செய்தி வந்தது, அதுவும் வெளியே சாப்ட்வேர் வேலை செய்து கொடுத்த கம்பெனி வழியாகப் போனது என்றார்கள். ‘அது சாப்ட்வேர் கம்பெனிக்காரங்க பாத்துக்கறது’ என்று கவுண்டரில் தம்பி சொன்னபோது எனக்குத் தெரியாது, இப்போது தெரிகிறது, பாதிக்கதை அங்கேதான் இருக்கிறது. 2024ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள், மருத்துவ ரிப்போர்ட் உட்பட, டெலிகிராமில் கேட்டால் கிடைக்கும் நிலைக்கு வந்தன, 3.1 கோடி பேருடையது என்று திருடியவர் சொல்லிக்கொண்டார், நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. பின்லாந்தில் வஸ்தாமோ என்ற மனநல ஆலோசனை மையத்தில் சுமார் 33,000 பேர் தங்கள் ஆலோசகரிடம் அழுதுகொண்டு சொன்னதெல்லாம் திருடப்பட்டு, 2020ல் நோயாளிகளுக்கே தனித்தனியாக மிரட்டல் கடிதம் போனது, பணம் கொடு, இல்லாவிட்டால் வெளியிடுவேன் என்று. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. திருடியவனுக்கு 2024ல் 6 வருஷத்துக்கு மேல் சிறைத் தண்டனை கிடைத்தது, அந்த மையம் திவாலானது.

சரி, நமக்கு என்ன வழி இருக்கிறது. நான் அலைந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், உங்கள் வழக்குக்கு எது பொருந்தும் என்று ஒரு வக்கீலிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் பிடித்தது நுகர்வோர் ஆணையத்தை. காசு கொடுத்துப் பெறும் மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே வி.பி. சாந்தா வழக்கில் சொல்லிவிட்டது. 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இன்னும் நேராகவே ஒரு வரி இருக்கிறது, 2ஆம் பிரிவில் 47ஆவது உட்பிரிவு: நுகர்வோர் நம்பிக் கொடுத்த தனிப்பட்ட தகவலைச் சட்டம் அனுமதிக்காமல் இன்னொருவருக்கு வெளிப்படுத்துவது முறையற்ற வணிக நடைமுறை. வக்கீல் அந்த வரியை விரல் வைத்துக் காட்டியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது, அத்தனை நாளும் நான்தான் சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறேனோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நம் மாவட்டத்து ஆணையம் ஊட்டியில் இருக்கிறது. லேபின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனு போடலாம். எவ்வளவு நஷ்டஈடு கேட்கிறோம் என்பதை வைத்து அல்ல, சேவைக்கு நாம் கட்டிய தொகையை வைத்துத்தான் மாவட்டமா மாநிலமா என்று பார்ப்பார்கள். நாங்கள் கட்டியது 1,450 ரூபாய், அதனால் மாவட்டம். 5 லட்சம் வரை மனுக் கட்டணமும் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, நாமே பேசலாம், நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனுவை ஏற்றலாம். நடந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியாதவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். காசு கட்டினால்தான் நாம் நுகர்வோர், கட்டியதைக் காட்ட பில் வேண்டும். எஸ்டேட்டில் இலவச முகாமில் ரத்தம் கொடுத்தவர்களுக்கு இந்த வழி கொஞ்சம் சிக்கல், எல்லாருக்குமே முழுக்க இலவசமாக நடத்தப்படும் இடம் இந்தச் சட்டத்துக்குள் வராது என்று அதே 1995 தீர்ப்பு சொல்கிறது. ஆனால் மற்றவர்களிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு சிலருக்கு மட்டும் இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனை என்றால், அந்த இலவச நோயாளியும் நுகர்வோர்தான். இதைத் தோட்டத்தில் இருக்கிறவர்களுக்குச் சொல்லுங்கள், பலருக்குத் தெரியாது.

பலர் சேர்ந்தும் போடலாம். ஒரே மாதிரி பாதிக்கப்பட்டவர்கள் இருந்தால், ஆணையத்தின் அனுமதியோடு ஒருவரோ சிலரோ எல்லாருக்காகவும் மனு போட 35ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. அமெரிக்காவில் இப்படித்தான் செய்கிறார்கள். 2015ல் ஆந்தம் என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து 7.8 கோடிக்கு மேற்பட்டவர்களின் விவரம் திருடு போனபோது எல்லாருக்குமாகச் சேர்த்து வழக்கு நடந்து, 11.5 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். எங்கள் லைனில் அந்த இரண்டு வீட்டாரையும் கேட்டேன். ஒருவர் வருகிறேன் என்றார். பணம் கட்டி ஏமாந்தவர் வரவில்லை. என்ன நோய் என்று ஆணையத்தில் சொல்ல வேண்டி வருமே என்று பயம், அந்தப் பயத்தைப் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது வழி தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு. மருத்துவப் பதிவு, உடல்நிலை, மனநிலை எல்லாம் உணர்திறன் மிக்க தகவல் என்று 2011 விதிகள் சொல்கின்றன. அதை வைத்திருக்கிற நிறுவனம் ஒழுங்கான பாதுகாப்பு இல்லாமல் அலட்சியமாக இருந்து, அதனால் நமக்கு நஷ்டம் வந்தால், நஷ்டஈடு தர வேண்டும். கம்பெனி என்றில்லை, ஒருவர் தனியாக நடத்தும் லேபும் இதில் வரும். 5 கோடி வரையிலான கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலாளரே தீர்ப்பு அதிகாரியாக இருந்து விசாரிப்பார், சென்னையில். வெறும் ஏட்டுச் சட்டம் இல்லை. தூத்துக்குடியில் வங்கிக் கணக்கு வைத்திருந்த ஒருவர் மோசடி மின்னஞ்சலில் பணம் இழந்து இதே சட்டத்தில் இதே அதிகாரியிடம் போனார், தனியார் வங்கி அவருக்கு 12.85 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2010ல் உத்தரவு வந்தது. எங்களுக்குச் சென்னை போய் வருவது கஷ்டம், அதனால் விட்டோம். ஆனால் பணமாக நிறைய இழந்தவர்கள், வேலை போனவர்கள், இதை யோசிக்க வேண்டும். சீக்கிரமும் யோசிக்க வேண்டும், ஏனென்றால் புதிய டேட்டா பாதுகாப்புச் சட்டம் முழுதாக அமலுக்கு வரும்போது இந்த 43ஏ எடுக்கப்பட்டுவிடும்.

அந்தப் புதிய சட்டத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள், 250 கோடி அபராதம் 250 கோடி அபராதம் என்று. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023ல் நிறைவேறியது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்களின் முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வருகின்றன. அதன்பிறகு தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமின்றிச் சொல்லியாக வேண்டும், தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் முழு விவரம் கொடுக்க வேண்டும், மறைத்தால் 200 கோடி வரை அபராதம். எங்களுக்கு மறுக்கப்பட்டது அந்த ஒரு எஸ்எம்எஸ்தான், அதைச் சட்டமே கட்டாயமாக்குவது பெரிய விஷயம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் அபராதப் பணம் அரசுக் கணக்குக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு என்று அந்தச் சட்டத்தில் இல்லை. 43ஏயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எங்களுக்கு ஒன்றும் வைக்காதது தவறு என்று நினைக்கிறேன், நாலு நாள் மாத்திரை இல்லாமல் கிடந்தது அரசு அல்ல, என் அம்மா.

போலீஸுக்கும் போனோம். பொடிக்காரர் செய்தது மோசடி முயற்சி, அதற்கு 1930 என்ற சைபர் மோசடி உதவி எண். பணம் போயிருந்தால் முதல் சில மணி நேரத்துக்குள் அந்த எண்ணுக்குச் சொல்லிவிட வேண்டும், அனுப்பிய பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அப்போதுதான் அதிகம். லேபிலேயே யாராவது லாபத்துக்காக விவரத்தை விற்றிருந்தால் அதற்கு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவு, 3 வருஷம் வரை சிறை. எங்கள் விஷயத்தில் உள்ளே இருந்தவர் விற்றாரா, வெளியே இருந்தவர் எண்ணை மாற்றி மாற்றி அள்ளினாரா என்று இன்னும் தெளிவாகவில்லை, அதனால் யார்மேலும் பழி போட எனக்கு மனமில்லை. ஊட்டி சைபர் க்ரைமில் மனுவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள், போன் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மனநலம் பார்க்கிறவர்களுக்கும் எச்ஐவி உள்ளவர்களுக்கும் தனிச் சட்டமே இருக்கிறது, இரண்டுமே 2017ஆம் வருஷத்துச் சட்டங்கள், இரண்டிலும் ரகசியம் நோயாளியின் உரிமை என்றே எழுதியிருக்கிறது. முன்பு ஒருவரின் எச்ஐவி விவரம் மருத்துவமனையிலிருந்து வெளியே போய் அவர் கல்யாணமே நின்றது, உச்ச நீதிமன்றம் வரை போயும் 1998ல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வரவில்லை. அங்கிருந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017ல் ஒன்பது நீதிபதிகள் சொன்னதுவரை எவ்வளவோ தூரம் வந்திருக்கிறோம். டாக்டரே வாய்விட்டுச் சொல்லியிருந்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம், நோயாளியின் ரகசியத்தை வெளியிடுவது அவர்களின் நடத்தை விதிப்படி குற்றம். லேபுகளுக்கு உரிமம் கொடுப்பது மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம், அங்கேயும் ஒரு நகல் போட்டேன். உண்மையைச் சொன்னால், மேனேஜரின் குரல் மாறியது அந்த நகல் போன பிறகுதான்.

ஆதாரத்தைப் பற்றி ஒன்று. பில், லிங்க் வந்த எஸ்எம்எஸ், தேதி தெரியும்படி எடுத்த படம், அழைப்பு வந்த எண்ணும் நேரமும், சீல் போட்ட புகார் நகல், மாத்திரை நின்றதால் சுகர் ஏறியது என்று டாக்டர் சீட்டில் எழுதியது, இவ்வளவும் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறேன். கடைசியில் சொன்ன டாக்டர் சீட்டுத்தான் எங்கள் மனுவுக்கு முதுகெலும்பு என்று வக்கீல் சொல்கிறார், தகவல் போனது என்பது மட்டும் போதாது, போனதால் என்ன ஆயிற்று என்று காட்ட வேண்டுமாம். எஸ்எம்எஸ்ஸை அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். படங்களுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் ஒரு சான்று இணைக்க வேண்டும், அதை எப்படி வாங்குவது என்று வக்கீல் சொல்வார்.

வக்கீல் நோட்டீஸ் போன பிறகு லேபிலிருந்து ஒருவர் வீட்டுக்கே வந்தார். அம்மாவுக்கும் எனக்கும் முழு உடல் பரிசோதனை இலவசமாகச் செய்து தருகிறோம், மனுப் போட வேண்டாம் என்றார். அம்மா காபி கொடுத்து உட்கார வைத்தார். நான் மூன்று விஷயம் கேட்டேன்: லிங்க் வந்த எல்லாருக்கும் நடந்ததைச் சொல்லுங்கள், எத்தனை பேருடைய விவரம் போயிருக்கலாம் என்று எழுத்தில் கொடுங்கள், அம்மாவின் போன் நம்பரை உங்கள் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். கடைசியில் கேட்டதைச் செய்தார்கள். முதல் இரண்டும் மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார், அதற்கப்புறம் சத்தமில்லை. மனுவைப் போட்டுவிட்டோம், எண் விழுந்துவிட்டது.

மதிப்பெண் கொடுக்க வேண்டும் என்றால், ரத்தம் எடுப்பதற்கும் பரிசோதனைக்கும் 5க்கு 5. விவரத்தைப் பாதுகாத்ததற்கு 0. தெரிந்த பிறகு நடந்துகொண்ட விதத்துக்கு 1, அதுவும் லிங்கை மூடியதற்காக. மொத்தமாகப் போட்டால் 5க்கு 2 என்று வரும், ஆனால் அப்படிக் கூட்டிக் கழிக்க எனக்கு விருப்பமில்லை. இப்போது ஓடிபி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன், நல்லது. நீங்கள் எந்த லேபுக்குப் போனாலும் கவுண்டரில் இரண்டு கேள்வி கேளுங்கள்: ரிப்போர்ட் லிங்கைத் திறக்க ஓடிபி கேட்குமா, தாளில் தருவீர்களா. பதில் சொல்லத் தயங்கினால் உங்கள் போன் நம்பரைக் கொடுக்காதீர்கள், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள்.

போன வாரம் அம்மாவை வேறொரு லேபுக்குக் கூட்டிப் போனேன். தாளில்தான் தருகிறார்கள், கவரை ஒட்டி, மேலே பெயரை மட்டும் எழுதி. ரத்தம் எடுக்க இரண்டு கையிலும் சேர்த்து நாலு குத்து, வலது முழங்கை மடிப்பில் இன்னும் நீலம் போகவில்லை. பஸ்ஸில் வரும்போது அம்மா கவரை முந்தானைக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தார். பாதி வழியில், “அந்தப் பொண்ணு இருந்தா ஒரே குத்துல எடுத்திருப்பா” என்றார். நான் பதில் சொல்லவில்லை, ஜன்னலை மட்டும் சாத்தினேன், சாரல் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது.